அப்பாவின் சட்டையா, அப்பாவின் நடையா: ‘ஃபால்அவுட்’ கேள்வி பதில்

‘ஃபால்அவுட்’ தொலைக்காட்சித் தொடரில் மூல வீடியோ கேம்களின் ஜாடை எங்கெங்கே தெரிகிறது என்று கேட்டு ஒரு மூட்டைக் கேள்விகள் வந்திருக்கின்றன. 1997-இல் இன்டர்ப்ளே வெளியிட்ட முதல் ஆட்டத்திலிருந்து 2015-இல் பெதஸ்டா வெளியிட்ட நான்காம் ஆட்டம் வரை விளையாடியவன் என்ற ஒரே தகுதியில் பதில் எழுத உட்காருகிறேன். பேச்செல்லாம் 2024 ஏப்ரலில் பிரைம் வீடியோவில் வந்த முதல் சீசனின் எட்டு எபிசோடுகளைப் பற்றியது. கதையை ஒளித்துவைக்கப் போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதுப் பார்வையாளர்: ஆட்டத்தைத் தொட்டதே இல்லை. தொடர் எனக்குப் புரியுமா?

தாராளமாகப் புரியும். 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் விழுந்து உலகம் கருகிவிடுகிறது. வால்ட்-டெக் என்ற நிறுவனம் கட்டிய நிலவறைகளில் சிலர் தப்பிப் பிழைக்கிறார்கள். 219 ஆண்டுகள் கழித்து, 2296-இல், 33-ஆம் நிலவறையில் வளர்ந்த லூசி, கடத்தப்பட்ட அப்பாவைத் தேடி மேலே வருகிறாள். இவ்வளவு தெரிந்தால் போதும். எந்த ஆட்டத்தின் கதையையும் எடுத்துத் திரும்பச் சொல்லவில்லை. அதே உலகத்தில் நடக்கும் புதுக் கதை இது.

இரவு ஆட்டக்காரன்: ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடர் மூல ஆட்டத்தைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றியதே, அதுதானே நேர்மையான வழி?

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஆட்டத்தில் ஜோயல், எல்லி என்று எழுதி முடித்த பாத்திரங்கள் இருந்தார்கள். ஆட்டத்தில் எல்லிக்குக் குரல் கொடுத்த ஆஷ்லி ஜான்சனைத் தொடரில் எல்லியைப் பெற்ற தாயாகவே நடிக்க வைத்தார்கள். தெரிந்தவனுக்குத் தொண்டை அடைக்கும். தெரியாதவனுக்கும் அது நல்ல காட்சி. அதைவிடச் சிறந்த ஜாடை இருக்க முடியாது.

‘ஃபால்அவுட்’டில் அப்படி ஒரு கதாநாயகன் கிடையாது. பெயர், முகம், குணம் எல்லாம் விளையாடுகிறவன் வைப்பதுதான். ஒருவன் ஊரைக் காப்பாற்றியிருப்பான், இன்னொருவன் அதே ஊரைக் கொளுத்தியிருப்பான். இதில் எதைத் தழுவுவது? மூலத்தில் கதையைவிட, விளையாடும் விதம்தான் பொது. ஆகவே மகனுக்கு அப்பாவின் சட்டையைப் போட்டுவிடலாம், அல்லது மகன் நடக்கும்போது அப்பாவின் நடை தெரியவைக்கலாம். தொடர் இரண்டையும் செய்திருக்கிறது. நீலச் சீருடை, கையில் கட்டிய பிப்-பாய் என்ற குட்டிக் கணினி, பல்சக்கரம் போன்ற நிலவறைக் கதவு, நியூகா-கோலா பாட்டில் எல்லாம் சட்டை. சட்டை கச்சிதமாகத் தைக்கப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. என் மனம் நடையைத் தேடுகிறது.

கட்டைவிரல்: ஆட்டங்களின் சின்னமான வால்ட் பாய் பொம்மை ஏன் கட்டைவிரலைத் தூக்குகிறது என்று தொடர் விளக்கிவிட்டதாமே?

விளக்கியது, ஆனால் வேடிக்கை அந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கு; காளான் மேகம் விரலைவிடச் சிறியதாக இருந்தால் ஓடு, பெரியதாக இருந்தால் ஓடிப் பயனில்லை. இது ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை. முதல் ஆட்டத்தை உருவாக்கிய டிம் கெய்ன், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, அந்தப் பையன் சும்மா உற்சாகமாக இருக்கிறான் என்று மறுத்துவிட்டார். தொடரோ ரசிகர்களின் வதந்தியை எடுத்து முதல் காட்சியிலேயே உண்மையாக்கிவிட்டது.

அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மலைமேல் ஒரு வீடு, குழந்தையின் பிறந்தநாள். ஒரு காலத்தில் திரைநட்சத்திரமாக இருந்த கூப்பர் ஹோவர்ட் கௌபாய் உடையில் வித்தை காட்ட வந்திருக்கிறார். கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்கிறார்கள், மாட்டேன் என்கிறார். ஏன் மறுத்தீர்கள் என்று மகள் கேட்கும்போதுதான் படையில் கற்ற இந்தக் கணக்கைச் சொல்கிறார். சற்று நேரத்தில் நகரத்தின் மேல் வெளிச்சம் வெடிக்கிறது. சிறுமி கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உங்கள் விரலா, என் விரலா என்று அப்பாவிடம் கேட்கிறாள்.

ஆட்டத்தை அறியாதவருக்கு அது குழந்தையின் நியாயமான சந்தேகம். அறிந்தவருக்கு, இருபது ஆண்டுகளாகச் சட்டையில் அச்சடித்து அணிந்த சிரித்த பொம்மை திடீரென்று கசந்துபோகிறது. பின்னொரு எபிசோடில், வால்ட்-டெக் விளம்பரத்துக்காக அந்தக் கை அசைவைச் செய்து காட்டியவரே கூப்பர்தான் என்று தெரியவரும்போது, அவர் மறுத்ததன் காரணமும் புரியும். ஒரு ஜாடை மூன்று வேலை செய்கிறது. முழுத் தொடரிலும் இதற்கு இணை வேறில்லை என்பது என் கட்சி.

பக்கக்கதை: பாதிக்கு மேல் லூசி வந்த வேலையை விட்டு எங்கெங்கோ சுற்றுகிறாள். திரைக்கதைக் குறையா?

உங்கள் எரிச்சல் நியாயம், ஆனால் அது தெரிந்தே செய்தது. ஆட்டத்தில் அப்பாவைத் தேடிக் கிளம்புவோம். வழியில் ஒரு கிழவி தண்ணீர் கேட்பாள், ஒரு கொட்டகைக்குள் வெளிச்சம் தெரியும், நாற்பது மணி நேரம் கழித்து, “அடடா, அப்பா!” என்று நினைவு வரும். மூன்றாம் ஆட்டத்தில் உங்கள் தந்தை 101-ஆம் நிலவறையை விட்டுப் போய்விடுவார், நீங்கள் தேடிப் போவீர்கள். லூசியின் பயணத்துக்கு வேர் அங்கேதான்.

தொடரில், பிறர் உனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறாயோ அதையே நீ அவர்களுக்குச் செய் என்ற பொன்விதியை லூசி நம்புகிறாள். பாழ்நிலத்துக்கும் ஒரு பொன்விதி உண்டு என்பார், கதிர்வீச்சில் உருமாறி இன்னும் சாகாமல் அலையும் கூப்பர்: ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் உதவாக்கரை வேலை உன்னை வழிமாற்றிக் கொண்டுபோய்விடும். அவர் அதைக் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்வார், நான் நாகரிகப்படுத்திவிட்டேன். இருநூறு ஆண்டு அலைந்தவனின் சலிப்பாகவும் அது சரி, விளையாடுகிற நம் எல்லோரின் வாக்குமூலமாகவும் சரி. நடையில் தெரியும் ஜாடை என்றேனே, இதுதான்.

இன்னொன்றும் உண்டு. தொடக்கத்தில் நிலவறைக் குழுவின் முன் நின்று லூசி தன் திறமைகளை அடுக்குவாள்: பழுதுபார்ப்பு, அறிவியல், பேச்சு என்று. திருமணத்துக்கான நேர்காணல் அது. ஆட்டக்காரனுக்கோ, பாத்திரத்தை உருவாக்கும் முதல் பக்கத்தில் எதற்கு எத்தனை புள்ளி என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்த நள்ளிரவு.

பழைய குடியரசுக்காரன்: ஷேடி சாண்ட்ஸை அழித்ததை மன்னிக்கவே மாட்டேன். கரும்பலகையில் 2277 என்று போட்டு ‘நியூ வேகஸ்’ ஆட்டத்தையே பொய்யாக்கிவிட்டார்கள்.

மற்றவர்களுக்காகப் பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆட்டத்தில் நிலவறையை விட்டு வந்ததும் எதிர்ப்படும் மண்சுவர்ச் சிற்றூர்தான் ஷேடி சாண்ட்ஸ். இரண்டாம் ஆட்டத்தில் அது நியூ கலிபோர்னியா குடியரசின் தலைநகராக வளர்ந்துவிடும். முதல் ஆட்டத்தில் கொள்ளையர் கடத்திய டாண்டி என்ற பெண்ணை மீட்டிருப்போம். இரண்டாம் ஆட்டத்தில் போனால் அவள்தான் நரைத்த தலையோடு குடியரசுத் தலைவர். தொடரில் அந்த நகரம் ஒரு பெருங்குழி.

4-ஆம் நிலவறையில் ஒரு வகுப்பறைக் கரும்பலகை வருகிறது. ‘ஷேடி சாண்ட்ஸின் வீழ்ச்சி, 2277’ என்று எழுதி, அங்கிருந்து ஓர் அம்புக்குறி போட்டு, அதன் முனையில் காளான் மேகம் வரைந்திருக்கிறார்கள். மேகத்துக்கு ஆண்டு இல்லை. ‘நியூ வேகஸ்’ 2281-இல் நடக்கிறது, அதில் குடியரசு உயிரோடு இருக்கிறது. தலைநகரம் நான்கு ஆண்டு முன்பே சாம்பலாகியிருந்தால் ஒருவராவது பேசியிருக்க மாட்டாரா என்பது உங்கள் கோபம். குண்டு விழுந்தது ‘நியூ வேகஸ்’ நிகழ்வுகளுக்குச் சற்றுப் பிந்தித்தான் என்று பெதஸ்டாவின் டாட் ஹோவர்ட் பிறகு தெளிவுபடுத்தினார். வீழ்ச்சி என்பது சரிவின் தொடக்கம், அம்புக்குறிக்குப் பிறகு வருவதுதான் குண்டு என்று படித்தால் கணக்கு இடிக்காது.

பழைய குடியரசுக்காரன்: சப்பைக்கட்டு!

கொஞ்சம் சப்பைக்கட்டுத்தான். ஒரு திரைக்காட்சியைப் புரிந்துகொள்ளப் பேட்டியைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தால் அந்தக் கரும்பலகையை மோசமாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஊரையே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இழுத்துக்கொண்டு வந்ததும் எனக்கு உறுத்தல். ஆனால் அழித்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரைக் குருவிக்கூடு போலக் கட்டிப் பார்த்தவன் என்பதால் எனக்கு வலித்தது. வலித்ததே, அதுவும் ஜாடை செய்த வேலைதானே?

துண்டுச் சீட்டு: சின்னச் சின்ன ஜாடைகளைப் பட்டியலிட முடியுமா?

பட்டியல் போட்டால் விடியும். நினைவில் நிற்பவை மட்டும். 33-ஆம் நிலவறையில் தண்ணீர்ச் சில்லு, அதாவது தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவியின் மின்சில்லு, உடைந்துபோகிறது. போகிற போக்கில் வரும் செய்தி அது. முதல் ஆட்டத்தின் கதையே, புதுத் தண்ணீர்ச் சில்லை 150 நாளுக்குள் கண்டுபிடி என்பதுதான். சூப்பர்-டூப்பர் மார்ட் என்ற பாழடைந்த அங்காடி மூன்றாம் ஆட்டத்தில் புதியவர்கள் முதலில் அடிவாங்கும் இடங்களில் ஒன்று; தொடரில் அதற்குள் நடப்பது இன்னும் மோசம். கூப்பர் ஒரு நாயைக் குத்திவிட்டு, பிறகு அவரே ஸ்டிம்பாக் ஊசி போட்டு எழுப்புகிறார். ஆட்டத்தில் எந்தக் காயத்துக்கும் ஒரே ஊசி என்ற அபத்தத்தை முகம் சுளிக்காமல் அப்படியே காட்டியிருக்கிறார்கள். அந்த நாயைக் கடைசியில்தான் ‘டாக்மீட்’ என்று கூப்பிடுவார். முதல் ஆட்டத்திலிருந்து வரும் பெயர். எட்டு எபிசோடு பொறுத்து வைத்ததைப் பாராட்ட வேண்டும்.

மருந்துக்குப்பி: கூல்கள் மருந்து குடிக்காவிட்டால் வெறிபிடித்துவிடும் என்பது ஆட்டத்தில் உண்டா?

கிடையாது, தொடரின் சொந்தச் சரக்கு. (கதிர்வீச்சில் தோல் உரிந்தும் சாகாமல் அலைபவர்கள்தான் கூல்கள். தமிழில் எழுதினால் ஏதோ குளிர்பானம் போல ஒலிப்பது என் குற்றமல்ல.) ஆட்டங்களில் சிலர் காலப்போக்கில் புத்தி இழப்பார்கள், சிலர் இழக்கவே மாட்டார்கள், குப்பி எதுவும் இல்லை. நாடகத்துக்கு ஒரு கெடு தேவைப்பட்டிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கூலாக மாறிய கூப்பராக நடிக்கும் வால்டன் காகின்ஸ் அந்தக் குப்பியை உறிஞ்சும் விதத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

கவசம்: கடைசிச் சண்டையில் கவசவீரர்களைக் கூப்பர் அவ்வளவு சுலபமாக வீழ்த்துவது எப்படி?

போருக்கு முன் படையில் இருந்தபோது அதே வகைக் கவசத்தின் பழைய மாதிரியைத் தானே அணிந்தவர் கூப்பர். பற்றவைப்பில் ஒரு பலவீனம் உண்டு என்று முந்தைய எபிசோடுகளிலேயே பேச்சு வந்துவிடும். ஒரு ஆட்டத்தைப் பலமுறை முடித்தவன் எதிரியின் எந்த இடத்தில் சுட வேண்டும் என்று தெரிந்து சுடுவானே, அந்த நிதானம்தான் அவருடையது.

சூதாட்ட நகரம்: முதல் சீசன் கடைசியில் தெரியும் நகரம்?

நியூ வேகஸ், 2010-இல் ஆப்சிடியன் உருவாக்கிய ஆட்டத்தின் களம். நிறுவனத் தலைவர்கள் கூடும் கூட்டத்தில் ராபர்ட் ஹவுஸ் என்ற பெயர் வந்தபோதே ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த நகரத்தை ஆள்பவர் அவர். இரண்டாம் சீசன் 2025 டிசம்பரில் தொடங்கியது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

முதல் காசு: தொடரைப் பார்த்துவிட்டு விளையாட ஆசை வந்துவிட்டது. எதில் தொடங்க?

‘நியூ வேகஸ்’. பழைய கணினியிலும் ஓடும், எழுத்தில் அதற்கு நிகர் இந்த வரிசையில் இல்லை. கையில் சுகமாக இருக்க வேண்டும் என்றால் நான்காவது. 1997 ஆட்டத்தைப் பொறுமை இருந்தால் மட்டும் தொடுங்கள்.

மூட்டை தூக்கி: வேறு யாரும் சொல்லாத ஜாடை ஒன்று சொல்லுங்கள்.

நான்காம் ஆட்டத்தில் மேசை மின்விசிறி கண்ணில் பட்டால் விடமாட்டேன். திருகாணி அதிலிருந்துதான் கிடைக்கும். என்னால் தூக்க முடியாத எடை ஆனதும் கூட வருகிற நிக் வாலன்டைன் கையில் திணித்துவிடுவேன். பாவம், துப்பறிவாளர் அவர். என் புண்ணியத்தில் பழைய இரும்புக்கடை நடத்தினார். இப்போது தொடரில் கவசவீரனுக்குப் பின்னால் போகும் எடுபிடிகளைப் பாருங்கள். முதலில் மாக்சிமஸ், பிறகு தாடியஸ். ஆள் உயரத்துக்கு ஒரு பையைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நடப்பார்கள். வீரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்: பதினேழு மின்விசிறி.