படகு ஜன்னல் ஒழுகுது, சிலிக்கான் போதுமா?

கேள்வி: மச்சானும் நானும் சேர்ந்து வாங்கிய பழைய ஃபைபர் படகு. கேபினின் தள்ளு ஜன்னல் வழியே தண்ணீர் இறங்கி மெத்தையே ஊறிவிடுகிறது. சுற்றிலும் சிலிக்கான் அடித்தால் போதுமா?
- வாசகர், சயான், மும்பை

பதில்: போதாது தம்பி. நானும் இரண்டு மழைக்காலம் ட்யூப் ட்யூபாக அடித்து ஏமாந்தவன்தான். கோளாறு பெரும்பாலும் கண்ணாடி ஓடும் கீழ்ச்சட்டக் காடியில் இருக்கும். அதிலுள்ள வெல்வெட் பட்டை உப்புத் தண்ணீரைக் குடித்து மக்கும். தண்ணீர் வெளியே வடியும் சின்ன ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். முதலில் கம்பியால் அவற்றைக் குத்திவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிந்தால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

சட்டத்துக்கும் ஃபைபருக்கும் நடுவே கசிந்தால் கழற்றத்தான் வேண்டும். ஸ்டீல் திருகு இருந்த இடத்தில் அலுமினியச் சட்டம் வெள்ளை மாவாக உதிரும், பயப்படாதீர்கள். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, பியூட்டைல் டேப் (பிசுபிசுவென ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு போட்டால் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விடுங்கள்; வெயிலில் விரியும். தின்னர் தொட்டுத் துடைக்கவே கூடாது, மயிரிழை போல வெடிக்கும். தாராவியில் வெட்டி வாங்கிய என் முதல் ஜோடி அப்படித்தான் போச்சு. மே மாதத்துக்குள் முடியுங்கள், ஜூனில் மழை பிடித்துவிட்டால் ஈரத்தில் டேப் ஒட்டாது.