நிறுத்தினார்களா, நீங்களே விட்டீர்களா: விசாரணைக்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

உங்கள் கேள்வி: கலிபோர்னியாவில் கிடங்கு வேலை போய்விட்டது, வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் கேட்டீர்கள், தகுதி இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. மேல்முறையீட்டு விசாரணைக்கு எப்படித் தயாராவது, வக்கீல் இல்லாமல் முடியுமா?

முடியும். நானும் வக்கீல் வைக்காமல்தான் போனேன், வென்றேன். ஆனால் விசாரணைக்கு இரண்டு வாரம் முன்பு வரை நான் செய்துகொண்டிருந்த தயாரிப்போடு போயிருந்தால் நிச்சயம் தோற்றிருப்பேன். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள். மறுப்புக் கடிதத்தில் அது அஞ்சலில் அனுப்பப்பட்ட தேதி இருக்கும். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டை அனுப்பிவிட வேண்டும். கடிதத்தோடு வரும் படிவத்தை நிரப்பினால் போதும். நீண்ட விளக்கம் தேவையில்லை, முடிவை ஏற்கவில்லை என்று இரண்டு வரி எழுதினால் சரி. நாள் கடந்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கேட்பார்கள்.

இரண்டாவது காரியத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மறுத்துவிட்டார்களே என்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய உறுதிமொழியை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. வேலை தேடினேன், வேலைக்குத் தயாராக இருந்தேன் என்று எந்த வாரங்களுக்கு உறுதிமொழி கொடுத்தீர்களோ அந்த வாரங்களுக்குத்தான் வென்ற பிறகு பணம் வரும். வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், வழக்கமான கணக்கில் 26 வாரம் வரை. வாடகை கட்டுகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

இனி என் கதை. மூன்று ஆண்டு ஒரு பொட்டலக் கிடங்கில் வேலை பார்த்தேன். பெட்டியில் லேபிள் ஒட்டி, ஸ்கேன் செய்து, அடுக்கி அனுப்புவது. கடைசி மாதத்தில் மூன்று முறை லேபிள் மாறிப்போனது. மூன்றாவது முறை நடந்த அன்று மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் மேற்பார்வையாளர் என்னிடம் வந்து, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விண்ணப்பம் போட்ட பின் தொலைபேசியில் ஓர் அதிகாரி விவரம் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலையை விட்டுவிட்டேன்" என்றேன். ஊரிலிருந்து அம்மா கேட்டபோதும் அதையேதான் சொல்லியிருந்தேன், கோயிலில் பார்த்தவர்களிடமும் அதையேதான். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல நாக்கு கூசியது. நம்மில் எத்தனையோ பேர் இப்படித்தான் சொல்கிறோம், மானத்துக்கு அஞ்சி. நிறுவனமும் நான் பாதியில் போய்விட்டதாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டும் ஒத்துப்போயின. "தக்க காரணமின்றித் தானாக விலகினார்" என்று கடிதம் வந்தது.

கலிபோர்னியா வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் 1256ஆம் பிரிவு இரண்டு நிலைமைகளைப் பேசுகிறது. நீங்களே விலகினால், அதற்குத் தக்க காரணம் இருந்ததென்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. நிறுவனம் உங்களை நீக்கினால், நீங்கள் ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள் என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது. நான் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல், அவர்கள் சுமக்க வேண்டிய சுமையை என் தலையில் தூக்கி வைத்துவிட்டது.

இது எனக்கு விளங்கியது ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில். அதற்குள் நான் பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்: மேற்பார்வையாளர் எனக்கு மட்டும் கனமான வரிசையைக் கொடுத்தது, பொங்கலுக்கு விடுப்பு மறுத்தது, மூன்று ஆண்டாக மனதில் சேர்ந்த எல்லாம். மையத்தில் இருந்த அம்மையார் பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்று கேட்டார்: "கடைசி நாள் என்ன நடந்தது என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" பதினோராம் பக்கத்தில், நான்கு வரி. "விசாரணை இந்த நான்கு வரியைப் பற்றித்தான்" என்றார்.

அதன் பிறகுதான் உண்மையான தயாரிப்பு தொடங்கியது. விசாரணை அறிவிப்பு குறைந்தது பத்து நாள் முன்பே வரும். எந்தப் பிரிவின் கீழ் எந்தக் கேள்வி விசாரிக்கப்படும் என்று அதில் இருக்கும், அதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வழக்குக் கோப்பைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டு வாங்கிப் படியுங்கள். நிறுவனம் என்ன எழுதிக் கொடுத்தது, தொலைபேசியில் நீங்கள் சொன்னதை அதிகாரி எப்படிக் குறித்துக்கொண்டார், இரண்டும் அதில் இருக்கும். என் கோப்பில் "விட்டுவிட்டேன்" என்ற சொல்லை அச்சில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆனால் பார்த்ததால்தான் அதற்குப் பதில் தயார் செய்ய முடிந்தது.

ஆதாரம் தேடினேன். நீக்கியதற்குக் கடிதம் எதுவும் தரவில்லை. ஆனால் மறுநாள் காலை 5.40க்கு, மனம் கேளாமல், "இன்று ஷிப்டுக்கு வரலாமா?" என்று மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். "உங்கள் பேட்ஜ் இனி வேலை செய்யாது, மனிதவளப் பிரிவிடம் பேசுங்கள்" என்று பதில் வந்திருந்தது. வேலையை விட்டுப் போனவள் மறுநாள் விடியற்காலையில் வேலைக்கு வரலாமா என்று ஏன் கேட்கப் போகிறாள்? தேதியும் நேரமும் தெரியும்படி அதை அச்செடுத்து, பக்க எண் போட்டேன். என் விசாரணை தொலைபேசியில் என்பதால் நகல்கள் முன்கூட்டியே விசாரணை அலுவலகத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் போய்ச் சேர வேண்டியிருந்தது. அன்று காலையில் எடுத்துக் காட்டலாம் என்று வைத்திருக்காதீர்கள்.

அடுத்து லேபிள் தவறுகள். நீக்கினார்கள் என்றே முடிவானாலும், அந்தத் தவறுகள் ஒழுங்கீனமா என்ற கேள்வி வரும். இங்கே 1959இல் வந்த மேவுட் கிளாஸ் வழக்கின் தீர்ப்பைத் தெரிந்துகொள்வது தைரியம் தரும். நிறுவனத்தின் நலனை வேண்டுமென்றே புறக்கணிப்பதுதான் ஒழுங்கீனம்; திறமைக் குறைவு, எப்போதாவது நேரும் கவனப் பிசகு, நல்ல எண்ணத்தோடு எடுத்த தவறான முடிவு ஆகியவை அதில் சேரா என்கிறது அது. உங்களை நீக்க நிறுவனத்துக்கு நியாயம் இருக்கலாம். அதனாலேயே உங்களுக்குப் பணம் கிடையாது என்று ஆகிவிடாது. ஆகவே தவறே செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை. மூன்று முறை தவறியது உண்மை, இரண்டு முறை லேபிள் அச்சு இயந்திரம் முந்தைய பெட்டியின் லேபிளையே மறுபடி தள்ளியது, ஒருமுறை என் கவனக்குறைவு என்று உள்ளபடி சொன்னேன். பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் இயந்திரத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்தார். கண்ணால் பார்த்த ஒருவர் போதும். உங்களை நல்லவர் என்று சொல்ல ஐந்து பேரை அழைத்து வராதீர்கள்.

விசாரணை நாள். சமையலறை மேசையில் மூன்று தாள்களைப் பரப்பி வைத்து, கணவரைக் குழந்தையோடு வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். நிர்வாகச் சட்ட நீதிபதி இணைப்பில் வந்து, எல்லாம் பதிவாகிறது என்று சொல்லிவிட்டு, உறுதிமொழிக்காக வலது கையை உயர்த்தச் சொன்னார். பார்க்க யாரும் இல்லாத சமையலறையில் கையை உயர்த்தினேன். அந்தக் கணத்தில் நடுக்கம் நின்றது.

மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தேன், கட்டணம் இல்லை, முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்றாலும் கேளுங்கள். சிறு சிறு வாக்கியமாகப் பேசுங்கள். "நிறுத்திவிட்டார்கள்" என்று மொட்டையாகச் சொல்லாமல், "அவர் வர வேண்டாம் என்று சொன்னார்" என்று சொன்னவரையும் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏன் முதலில் விட்டுவிட்டேன் என்றீர்கள் என்று நீதிபதி கேட்டார். "வெட்கமாக இருந்தது, அதனால் அப்படிச் சொன்னேன்; நடந்தது இதுதான்" என்றேன். அவர் குறித்துக்கொள்ளும்வரை ஓர் அமைதி. பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நிறுவனத்தின் சார்பில் மனிதவள அலுவலர் பேசினார், நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டேன் என்றார். குறுக்கே பேசத் துடித்தது, பேசவில்லை. என் முறை வந்தபோது எழுதி வைத்திருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "அன்று மாலை மேற்பார்வையாளர் என்னிடம் பேசியபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா?" "இல்லை" என்றார். மேற்பார்வையாளர் இணைப்புக்கு வரவே இல்லை. பிறர் சொல்லக் கேட்டதையும் நீதிபதி கேட்டுக்கொள்வார், ஆனால் நேரில் இருந்தவர் உறுதிமொழி எடுத்துச் சொல்வதற்கு உள்ள கனம் அதற்கு இருக்காது. அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு குறுஞ்செய்தித் தாளைப் பார்க்கும்படி நீதிபதியிடம் சொன்னேன்.

முடிவு அஞ்சலில் வந்தது: நீக்கப்பட்டார், ஒழுங்கீனம் நிரூபிக்கப்படவில்லை. உறுதிமொழி கொடுத்திருந்த வாரங்களுக்கெல்லாம் பணம் வந்தது. நீங்கள் வென்ற பின் நிறுவனம் மேலே போனாலும் பயப்படாதீர்கள். தகுதி உண்டு என்று முடிவான ஒருவருக்கு, நிறுவனம் மேல்முறையீடு செய்ததற்காகவே பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஜாவா வழக்கில் சொல்லியிருக்கிறது. அது கலிபோர்னியாவிலிருந்து போன வழக்குதான்.

தோற்றால், மறுபடி 30 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் இந்த விசாரணையின் பதிவையும் தாள்களையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். இன்று சொல்ல மறந்ததை அங்கே புதிதாக நுழைப்பது கடினம். அதனால் கட்டாயம் சொல்ல வேண்டிய மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வாருங்கள். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று நீதிபதி கடைசியில் கேட்டபோது என் தாளில் ஒன்று அடிபடாமல் இருந்தது, அச்சு இயந்திரத்தைப் பற்றி நான் ஏற்கெனவே இரண்டு முறை புகார் செய்திருந்தேன் என்பது. தாள் இல்லாவிட்டால் "இல்லை ஐயா" என்று சொல்லி வைத்திருப்பேன்.