ஹைஸ்கூல் மியூசிக்கல் ஆல்பத்தில் ட்ராய்க்குப் பாடியது யார்?

சவுண்ட்டிராக் ஆல்பம் என்பது படத்தின் பாடல்களைத் தனியாகக் கேட்பதற்கென்று தொகுத்து வெளியிடுவது. டிஸ்னி சேனலில் 'ஹைஸ்கூல் மியூசிக்கல்' என்ற தொலைக்காட்சிப் படம் 2006 ஜனவரி 20 அன்று ஒளிபரப்பானது. ஆல்பம் அதற்குப் பத்து நாள் முன்பே கடைக்கு வந்து, அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமானது.

அதில் நாயகன் ட்ராயாக ஒலிப்பது பெரும்பாலும் பாடகர் ட்ரூ சீலியின் குரல். திரையில் வாயசைப்பவர் ஸாக் எஃப்ரான். காரணம் சுருதிதான். நடிகர் தேர்வுக்கு முன்பே பாடல்களை உச்சக் குரலுக்கு எழுதிவிட்டார்கள். எஃப்ரானின் குரலோ தாழ்ந்தது. ஆளை அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி: துணியில் குறையில்லை, தோளில்தான் பிடிக்கும். சுருதியை இறக்கினால் போதாதா? ஜோடிப்பாட்டில் நாயகி கேப்ரியெல்லாவின் பகுதியும் சேர்ந்தே இறங்கிவிடும், அதுதான் சிக்கல். எனவே தொடக்க வரிகள் சிலவற்றில் எஃப்ரானையே பாடவிட்டு, மேலே ஏறும் இடங்களில் சீலியைச் சேர்த்துக் கலந்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் மாறுவது பிடிபடும். பின்னணிப் பாடகர் நமக்குப் பழக்கம். அமெரிக்க ரசிகர்களுக்கோ இது அதிர்ச்சி.

எஃப்ரானுக்குப் பாடத் தெரியாது என்று பலர் நினைப்பது தவறு: 2007-இல் வந்த இரண்டாம் படத்தில் ட்ராயின் பாடல்களை அவரே பாடினார்.