மகள் பாராமெடிக் ஆகவேண்டும் என்கிறாள்: கல்லூரியில் என்ன கேட்பது?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஆம்புலன்ஸில் போவதற்கு எதற்கு மூன்று வருடப் படிப்பு?" என்கிறார் அவள் அப்பா. நடுவில் நீங்கள். கூடவே நான்கு கல்லூரிகளின் கையேடுகளையும் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை முதலில் ஓரமாக வையுங்கள். நான்கிலும் அட்டையில் ஒரே மாதிரி சிரிக்கும் ஒரு மாணவி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதைத் தாண்டி அவற்றில் உங்களுக்குத் தேவையானது அதிகம் இல்லை.

அதைவிட, நான்கில் ஒன்று அவள் கேட்கும் படிப்பே இல்லை. 'பாராமெடிக்கல்' என்பது பெரிய குடை. ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு என்று மருத்துவமனையில் பல பிரிவுகளுக்கான படிப்புகளையும் அந்த ஒரே பெயரில் போட்டுவிடுவார்கள். 'பாராமெடிக்' என்பவர் வேறு. விபத்து நடந்த இடத்துக்கும் மாரடைப்பு வந்தவரின் வீட்டுக்கும் போய், மருத்துவமனை வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துவைப்பவர். பெயரில் இரண்டெழுத்துதான் வித்தியாசம். அதில் ஏமாந்து, இரண்டாம் வருடம் நுண்ணோக்கி முன் உட்கார்ந்துகொண்டு "ஆம்புலன்ஸ் எப்போது சார்?" என்று கேட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கையேட்டில் 'அவசர மருத்துவம்' அல்லது 'அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம்' என்று இருக்கிறதா பாருங்கள்.

அவள் அப்பாவின் கேள்விக்கு வருவோம். அவர் நினைப்பதில் தவறில்லை, ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1960-களில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நோயாளியைக் கொண்டுபோனது போலீஸ் வண்டி, இல்லையென்றால் இறுதிச் சடங்கு நிறுவனத்தின் வண்டி. தூக்கிப் போடு, வேகமாக ஓட்டு, அவ்வளவுதான் வேலை. 1966-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர் டிஃபிப்ரிலேட்டரை, அதாவது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியை, வண்டியில் ஏற்றி நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார். அடுத்த வருடம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி, மூச்சூட்டுவது) முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் சாஃபர் வகுத்த பாடத்திட்டத்தில் சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்த நகரத்துப் போலீஸ் வண்டியில் கிடைத்ததைவிட நல்ல சிகிச்சை அந்த இளைஞர்களிடம் கிடைத்தது. பின்னால் அந்தக் குழுவுக்குத் தலைமை மருத்துவராக வந்த நான்சி கரோலின் எழுதிய பாடத்திட்டம்தான் அந்த நாடு முழுவதும் பாராமெடிக் பயிற்சிக்கு அடித்தளமானது. இவ்வளவு இளைய தொழில் என்பதால்தான் நாட்டுக்கு நாடு பெயரும் கால அளவும் இன்னும் வேறுபடுகின்றன. உங்களைக் குழப்புவதும் அதுதான்.

சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்ப்படியில் ஈ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர். அவர் கற்பது மூச்சுப்பாதை, ரத்தப்போக்கு, எலும்பு முறிவு, ஆக்சிஜன், சி.பி.ஆர். அமெரிக்காவில் இதற்கு ஏறக்குறைய 150 முதல் 200 மணி நேரப் பயிற்சி, சில மாதங்களில் முடிந்துவிடும். மேல்படியில் பாராமெடிக். ஊசி மருந்துகள், இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் காட்டும் ஈ.சி.ஜி.யைப் படித்து அந்த இடத்திலேயே முடிவெடுப்பது, மூச்சுக்குழாயில் குழாய் இறக்குவது. இதற்கு அங்கே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் பாராமெடிக் பதிவுக்கான படிப்பு பட்ட நிலையில் இருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பரில் தேசியப் பதிவுமுறை வந்தது, வழக்கமாக மூன்று வருடப் பட்டம் முடித்துத்தான் உள்ளே போகிறார்கள். இந்தியாவில் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தனித் தொழிலாகவே பட்டியலிட்டிருக்கிறது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து, "இந்தப் படிப்பு முடித்தால் என் மகளின் பெயர் எந்த அமைப்பின் பதிவேட்டில் ஏறும்?" என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2013 முதல், அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவர்தான் தேசியப் பாராமெடிக் தேர்வையே எழுத முடியும். பட்டச் சான்றிதழ் சுவரில் தொங்கலாம், பதிவில் பெயர் இல்லையென்றால் வண்டியில் ஏற விடமாட்டார்கள். "எங்கள் சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. நாடு மாறினால் அந்த நாட்டுப் பதிவை மறுபடி வாங்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (இதயத்துக்கான மேம்பட்ட உயிர்காப்பு) என்று ஓரிரு நாள் பயிற்சிக்குக் கொடுக்கும் அட்டைகள். அவை தேவைதான், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் அவற்றை அடுக்கிவைத்து 'பாராமெடிக் ஆகலாம்' என்று விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், பயிற்சிக்கூடம். நான் கல்லூரியைப் பார்க்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு கல்லூரியில் பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினார்கள். வரிசையாக ஆறு பொம்மைகள், சி.பி.ஆர். பழகுவதற்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் நான்கின் மார்பில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. சேர்க்கை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழகிய பொம்மை எப்படி இருக்கும் தெரியுமா? மார்பு நடுவில் நிறம் மங்கியிருக்கும், கழுத்தில் அழுக்குப் படிந்திருக்கும், உள்ளே ஸ்பிரிங் கிறீச்சிடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல் அழுத்தவேண்டும். இரண்டு நிமிடம் தரையில் முட்டி போட்டுச் செய்தால் இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள்.

வேறொரு கல்லூரியில் நல்ல கூடம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆசிரியை பிள்ளைகளை மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்துப் போயிருந்தார். விளக்கை அணைத்துவிட்டு, கையில் டார்ச். பொம்மை படியில் தலைகீழாகக் கிடக்கிறது. ஒரு மாணவனை நோயாளியின் அண்ணனாக நடிக்கவைத்து, பக்கத்தில் நின்று கத்தச் சொல்லியிருந்தார். அந்தச் சத்தத்தில் ஒரு பெண், "அண்ணா, அவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று மூன்றாவது தடவையாக, குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்டால் அந்தக் கல்லூரிதான்.

பயிற்சிக்கூடம் ஒரு பாதி. மீதி, மருத்துவமனை அவசரப் பிரிவிலும் ஓடும் ஆம்புலன்ஸிலும் அவள் கழிக்கும் நேரம். "எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அதனால் போன வருடம் முடித்த மாணவர் யாராவது ஒருவரின் பயிற்சிப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், நோயாளிகளின் விவரத்தை மறைத்துவிட்டே காட்டட்டும். எந்தத் தேதியில் எத்தனை ஊசிக்குழாய் போட்டார், எத்தனை ஈ.சி.ஜி. எடுத்தார், பக்கத்தில் நின்று பார்த்தது யார் என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து இருக்கும். ஒருமுறை நான் புரட்டிய பதிவேட்டில் நாற்பது கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல இருந்தன. கேட்டால் சிரித்தார்கள்.

உங்கள் பயங்களுக்கும் பதில் சொல்லவேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் மயங்குவாளோ என்கிறீர்கள். முதல் மாதத்தில் ஓரிருவர் மயங்கத்தான் செய்கிறார்கள், பிறகு பழகிவிடுகிறது. நான் அதைவிடக் கவலைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று முதுகு. தூக்குவது தினமும் நடக்கும் வேலை, தவறாகத் தூக்கினால் முப்பது வயதுக்குள் முதுகு போய்விடும். பெண் என்பதும் ஒல்லி என்பதும் இதில் பெரிய தடை இல்லை, தூக்கும் முறையைச் சரியாகக் கற்றுக்கொள்ளவேண்டும், உடம்பையும் வலுவாக வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது, காப்பாற்ற முடியாமல் போகும் நாட்கள். குறிப்பாகக் குழந்தைகள். மோசமான அழைப்புக்குப் பிறகு மாணவர்களோடு உட்கார்ந்து பேச யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் திணறும் கல்லூரிகள்தான் அதிகம்.

"இதைப் படித்துவிட்டு டாக்டர் ஆகலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதைக் குறுக்குவழியாக நினைத்தால் அவள் ஏமாறுவாள். டாக்டர் ஆகவேண்டும் என்றால் அதற்கே முயற்சி செய்யட்டும். பாராமெடிக்குகளுக்கென்று தனிப் பாதைகள் இருக்கின்றன: அவசரப் பிரிவு, வான்வழி ஆம்புலன்ஸ், அவசர அழைப்பு மையம், கடலில் எண்ணெய்த் தளங்கள், பயிற்சி ஆசிரியர் வேலை. பல இடங்களில் ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள், அதை இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அவளை ஒரு முதலுதவி வகுப்புக்கு அனுப்புங்கள். இரண்டு நாள் போதும். திரும்பி வந்ததும் முழங்கால் வலிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, அவள் அப்பாவைத் தரையில் படுக்கவைத்து மயக்கத்தில் இருப்பவரை எப்படி ஒருக்களிக்க வைப்பது என்று காட்டத் தொடங்கினாள் என்றால், எனக்கு எழுதுங்கள். மீதி மூன்று கையேடுகளையும் சேர்ந்து புரட்டுவோம்.