மதிப்புறு முனைவர் பட்டம் எதற்காக?

கேள்வி (முதுகலை மாணவி): ஐயா, தேர்வே எழுதாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் ஏன் முனைவர் பட்டம் அளிக்கிறது?

பதில்: தேர்வுத்தாளுக்கும் ஆய்வேட்டுக்கும் வெளியே வளர்ந்த புலமையும் உண்டு என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளும் முறை அது. உ.வே.சாமிநாதையர் திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான அவர், செல்லரித்த ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடி, ஒரு சுவடியில் சிதைந்த அடியை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் செப்பம் செய்து, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அவர் பதிப்பித்த நூல்களைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் எத்தனையோ பேர். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தபோது அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். இவ்வளவு காலம் தாழ்த்தியிருக்க வேண்டாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): இவ்வழக்கம் எங்கே தோன்றியது?

பதில்: ஆக்ஸ்போர்டில், 1470களின் இறுதியில், லயனல் உட்வில் என்பவருக்கு வழக்கமான நிபந்தனைகளைத் தளர்த்தி அளித்த பட்டத்தையே முதலாவதாகக் குறிப்பிடுவர். அவர் மன்னர் நான்காம் எட்வர்டின் மைத்துனர்.

கேள்வி (வாசகர்): அப்படியென்றால் செல்வாக்குக்குத்தானே பட்டம்?

பதில்: அந்தக் கலப்பு தொடக்கத்திலேயே இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் மறுத்துச் சொல்லும் துணிவும் அதே ஆக்ஸ்போர்டில் இருந்தது. கல்விக்கான நிதியைக் குறைத்தார் என்ற எதிர்ப்பால், 1985இல் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குப் பட்டம் வழங்கும் முன்மொழிவை, அங்கேயே படித்தவர் என்றும் பாராமல், 738க்கு 319 என்ற வாக்குகளில் தோற்கடித்தனர். தகுதியானவர் என்று கண்டபோதோ, 1940இல் அதன் பிரதிநிதிகளாக சர் மாரிஸ் குவையரும் ராதாகிருஷ்ணனும் சாந்திநிகேதனுக்கே சென்று தாகூருக்குப் பட்டம் அளித்தனர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) இத்தகைய பட்டங்களை வழங்குவதே இல்லை.

கேள்வி (அதே வாசகர்): பெற்றவர் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: தாமாகப் போட்டுக்கொள்ளாமல் இருப்பதே கல்வியுலகில் நன்மரபு. ஆயினும் சாமிநாதையரை ‘டாக்டர் உ.வே.சா.’ என்று தமிழர்கள் தாமே விரும்பி அழைத்தனர்; சென்னையில் அவர் சுவடிகளைக் காக்கும் நூல்நிலையத்தின் பெயரிலும் அச்சொல் இன்றும் இருக்கிறது.