ஒரே ஒரு பள்ளிக்கூடம் உள்ள டிஸ்ட்ரிக்ட்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

நியூ ஜெர்ஸியில் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் சின்ன டவுன்ஷிப் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகளை (ஓர் ஊரின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) பற்றி நம்மவர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். என் பிள்ளைகள் இருவரும் அப்படி ஒன்றில்தான் படித்தார்கள். அதை நடத்தும் போர்டிலும் (தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக் குழு) சில காலம் இருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எடிசனில் வாடகைக்கு இருப்பவர்: அக்கா, கிரான்பரி பக்கம் வீடு பார்க்கிறோம். அங்கே மொத்தமே ஒரு பள்ளிதான், ஹைஸ்கூலே கிடையாது என்கிறார்கள். அதை எப்படி ஒரு டிஸ்ட்ரிக்ட் என்கிறார்கள்?

ஒரு பள்ளி இருந்தாலும் டிஸ்ட்ரிக்ட் டிஸ்ட்ரிக்ட்தான். தனி போர்டு, தனி பட்ஜெட், தனி வரி எல்லாம் உண்டு. இந்த மாநிலத்தில் 564 ஊராட்சிகளும், கிட்டத்தட்ட 600 பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இதைவிட மோசம். கிராமத்துக்குக் கிராமம், சாலைக்குச் சாலை தனித்தனி டிஸ்ட்ரிக்ட்டுகள் இருந்தன. 1894இல் ஒரு சட்டம் போட்டு ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் இருந்த அந்தச் சில்லறை டிஸ்ட்ரிக்ட்டுகளை ஒன்றாக்கினார்கள். அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் சேர்த்து வரி கட்ட விரும்பாதவர்கள் உடனே 'பரோ' என்று தனி ஊராகப் பிரிந்துகொண்டார்கள். பெர்கன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) மட்டும் அந்த ஒரே ஆண்டில் 26 பரோக்கள் முளைத்தன. நம் ஊர்களின் இன்றைய வரைபடத்தில் ஒரு பகுதி, பள்ளி வரிச் சண்டையில் பிறந்ததுதான்.

ஹைஸ்கூலுக்கு இரண்டு வழிகள் உண்டு. கிரான்பரி தன் பிள்ளைகளை ஒப்பந்தத்தின் பேரில் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்கு அனுப்புகிறது. கிரான்பரி இருப்பது மிடில்செக்ஸ் கவுண்டி, பிரின்ஸ்டன் இருப்பது மெர்சர் கவுண்டி, ஆனாலும் அது தடையில்லை. இது அனுப்பும்–பெறும் முறை. இன்னொன்று, பல ஊர்கள் சேர்ந்து நடத்தும் ரீஜனல் ஹைஸ்கூல். ஈஸ்ட் ஆம்வெல், டெலவேர் டவுன்ஷிப், ரெடிங்டன் பிள்ளைகள் எட்டாவது முடித்ததும் ஹன்டர்டன் சென்ட்ரலுக்குப் போவது அப்படித்தான். வீடு வாங்குமுன் எந்த ஹைஸ்கூல் என்பதோடு நிற்காமல், எந்த முறையில் என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் என்றால் அது எந்த ஆண்டு வரை என்பதையும் கேட்டுவிடுங்கள்.

முதல் வீடு வாங்கியவர்: என் டாக்ஸ் பில்லில் 'டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்', 'ரீஜனல் ஸ்கூல்' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. பக்கத்து டவுன்ஷிப் நண்பருக்கு ஒன்றுதான். எங்களிடம் இரண்டு முறை வாங்குகிறார்களா?

இல்லை. உங்கள் ஊர் ரீஜனல் ஹைஸ்கூலில் பங்காளி. எட்டாவது வரைக்கும் ஒரு வரி, ஹைஸ்கூலுக்கு ஒரு வரி. நண்பரின் ஊர் ஒப்பந்தத்தில் அனுப்புகிற ஊராக இருக்கும். அங்கே ஹைஸ்கூல் டியூஷனை (பிள்ளைகளுக்கான படிப்புக் கட்டணத்தை) உள்ளூர் டிஸ்ட்ரிக்ட்டே தன் பட்ஜெட்டிலிருந்து கட்டுகிறது, அதனால் பில்லில் ஒரே வரியாகத் தெரிகிறது.

அந்த டியூஷன் விஷயம் கொஞ்சம் தந்திரமானது. முதலில் ஒரு உத்தேசத் தொகையைக் கட்டுவார்கள். உண்மைச் செலவு கணக்கானதும் மிச்சத்தை இரண்டு வருடம் கழித்துச் சரிக்கட்டுவார்கள். எதிர்பாராமல் நாலைந்து பிள்ளைகள் கூடுதலாக ஒன்பதாம் வகுப்புக்குப் போனால், அதன் சுமை பிற்பாடு ஒரு பட்ஜெட்டில் வந்து விழும். பெரிய டிஸ்ட்ரிக்ட் இதை உணரக்கூட உணராது. சின்ன டிஸ்ட்ரிக்ட்டில் ஒரு ஆசிரியர் பணியிடமே அதில் போய்விடலாம்.

முகவரியில் 'பிரின்ஸ்டன்' என்று இருக்கிறது. அப்படியானால் பிரின்ஸ்டன் பள்ளிகள்தானே?

முகவரியை நம்பாதீர்கள். பிரின்ஸ்டன் என்ற தபால் முகவரியோடு வெஸ்ட் வின்ட்சரிலும், சவுத் பிரன்ஸ்விக்கிலும், மான்ட்கமரியிலும் வீடுகள் இருக்கின்றன. பிராப்பர்ட்டி டாக்ஸ் எந்த டவுன்ஷிப்புக்குப் போகிறதோ, அந்த ஊர்ப் பள்ளிதான் உங்கள் பள்ளி. ரியல் எஸ்டேட் ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு, டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கே போன் செய்து வீட்டு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா: பையனுக்குப் படிப்பதில் சிரமம் இருக்கிறது. டீச்சர் 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்கிறார். சின்ன டிஸ்ட்ரிக்ட், பணம் இல்லை, அதனால் தள்ளிப்போடுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

டீச்சரோடு பேசிக்கொண்டே இருப்பது நல்லதுதான். ஆனால் இன்றைக்கே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். 'என் மகனுக்குச் சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று தேதி போட்டு இரண்டு வரி போதும். வாய்மொழியாகக் கேட்டால் கடிகாரம் ஓடாது, எழுத்தில் கேட்டால் ஓடும். கடிதம் கிடைத்த 20 நாட்களுக்குள் (பள்ளி விடுமுறைகளைக் கழித்து) உங்களைக் கூப்பிட்டு, மதிப்பீடு தேவையா என்று பேசியாக வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதம் கொடுத்தபின் 90 நாட்களுக்குள் மதிப்பீடு முடிந்து, தகுதி இருந்தால் ஐ.ஈ.பி. (அந்தக் குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டம்) எழுதி நடைமுறைக்கும் வர வேண்டும். மதிப்பிடுவது 'சைல்டு ஸ்டடி டீம்': ஒரு சைக்காலஜிஸ்ட், கற்றல் குறைபாட்டு நிபுணர், சமூகப் பணியாளர். சின்ன டிஸ்ட்ரிக்ட்டில் இவர்களில் சிலர் வாரத்தில் ஓரிரு நாள்தான் வருவார்கள். அதற்காக கெடு நீளாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் வெறும் பயமில்லை. பள்ளி வரியை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2010இல் சட்டம் வந்தது. சில விலக்குகள் உண்டு, ஆனால் வரம்பு அதுதான். ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் வரி வசூல் 80 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் என்றால் 1,60,000 டாலர். சம்பள உயர்வு, இன்ஷூரன்ஸ், மின்சாரம் எல்லாவற்றுக்கும் புதிதாகக் கிடைப்பது அவ்வளவே. ஒரு குழந்தைக்கு வெளியே தனிப் பள்ளி தேவைப்பட்டால், டியூஷனும் பஸ்ஸும் சேர்ந்து ஒரு லட்சம் டாலரைத் தொடுவது அபூர்வமில்லை. தனியார் சிறப்புப் பள்ளி என்றால் 55,000 டாலருக்கு மேற்பட்ட செலவில் ஒரு பகுதியை மாநில அரசு திருப்பித் தரும், முழுவதையும் அல்ல.

இவ்வளவு இருந்தும், 'பட்ஜெட்டில் இல்லை' என்பதை ஒரு குழந்தைக்கு மறுப்பதற்கான காரணமாகச் சட்டம் ஏற்காது. அதை யாரும் உங்களிடம் சொல்லவும் கூடாது. சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 'அந்தப் பையனால்தான் பள்ளி இசைக்குழு நின்றது' என்று யாராவது முணுமுணுக்கலாம். அது காதில் விழுந்தால் கூனிக்குறுகாதீர்கள். உங்கள் மகன் யாருடைய பங்கையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வகுப்பு மாணவியின் அப்பா: வகுப்புக்கு இரண்டே செக்‌ஷன். கேஜியிலிருந்து அதே முகங்கள். ஹைஸ்கூல் போனதும் தடுமாறுவாளோ?

சிலர் முதல் சில மாதம் தடுமாறுவார்கள், உண்மை. ஆனால் ஒன்பது வருடம் ஒரே லைப்ரரியன், ஒரே நர்ஸ் என்று எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் வளர்கிற குழந்தைக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். நட்பு முறிந்தால்தான் கஷ்டம், இன்னொரு செக்ஷனிலும் அதே முகங்கள்தான், ஒதுங்கிப் போக மூன்றாவது செக்‌ஷன் இருக்காது. அதற்காக ஊருக்கு வெளியே ஒரு வட்டம் வைத்துக்கொடுங்கள். வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளி, நீச்சல், எதுவானாலும் சரி.

நான் கவலைப்படச் சொல்வது கணக்கைப் பற்றி. எட்டாவதில் அல்ஜீப்ரா 1 இருக்கிறதா, அதை முடித்தவர்களை ஹைஸ்கூல் நேராக ஜியோமெட்ரியில் சேர்க்கிறதா, அல்லது மறுபடி ஒரு தேர்வு வைக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். ஆறாம் வகுப்பில் எந்தக் கணக்குப் பிரிவில் போடுகிறார்கள் என்பதில்தான் இது தீர்மானமாகிறது. ஏழாவதில் போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

பஸ் உண்டா?

எட்டாவது வரை 2 மைலுக்கு மேல், ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கு மேல் என்றால் டிஸ்ட்ரிக்ட் கட்டாயம் பஸ் விட வேண்டும். அதற்குள் இருந்தால் ஊரைப் பொறுத்தது. சில ஊர்களில் காசு கட்டி சீட் வாங்கலாம்.

எச்4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) வந்திருக்கிறோம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விசாவைக் காட்ட வேண்டுமா?

வேண்டாம். வீட்டு லீஸ், மின்சார பில், பிறப்புச் சான்று, தடுப்பூசி விவரம் போதும். சொந்த நாட்டில் போட்ட தடுப்பூசி அட்டையில் தேதிகள் தெளிவாக இல்லாவிட்டால், இங்குள்ள டாக்டரிடம் காட்டி ஒரு படிவத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

மியூசிக் டீச்சரை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு. நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், ஓட்டு இல்லை. போர்டு மீட்டிங்கில் நான் பேச முடியுமா?

தாராளமாகப் பேசலாம். போர்டு மீட்டிங் எல்லாருக்கும் திறந்தது, பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். பெயரும் ஊரும் சொன்னால் போதும், யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். நீங்களும் வரிதான் கட்டுகிறீர்கள், வாடகையில் இருந்தால் வீட்டுக்காரர் மூலமாக.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் கவர்னர் பட்ஜெட் உரை வரும். உடனே ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் மாநில உதவி எவ்வளவு என்ற எண் வெளியாகும். மார்ச்சில் தற்காலிக பட்ஜெட் போடுவார்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் பொது விசாரணை. டெனியூர் (நிரந்தரப் பணிப் பாதுகாப்பு) இல்லாத ஆசிரியருக்கு அடுத்த வருடம் வேலை உண்டா என்பதை மே 15க்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். டெனியூர் கிடைக்க நான்கு வருடம் ஆகும், ஆகவே முதலில் ஆடுவது புதியவர்களின் நாற்காலிதான். விசாரணை நாளில் கூட்டமாகப் போவதைவிட, மார்ச் மீட்டிங்குக்கு ஐந்து குடும்பம் போவது அதிகம் பலிக்கும். மார்ச்சில் எண்களை நகர்த்த இடம் இருக்கும், மே மாதம் மிகக் குறைவு.

நான் போர்டில் இருந்தபோது சாதாரண மீட்டிங்கில் பார்வையாளர் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். அதனால் வந்து பேசுகிற ஒருவரின் சொல்லுக்கு எடை அதிகம். டீச்சர் பெயரைச் சொல்லி வாதாடாதீர்கள், பணியாளர் விஷயத்தை அவர்கள் மூடிய கூட்டத்தில்தான் பேசுவார்கள். 'நாலாம் வகுப்பில் இசைக்கருவி தொடங்கும் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் என்ன இருக்கும்?' என்று கேளுங்கள். மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்பதால் எழுதி எடுத்துப் போங்கள். அன்றே பதில் வராமல் போகலாம், ஆனால் கூட்டக் குறிப்பில் ஏறிவிடும்.

ஏன் இத்தனை சின்ன டிஸ்ட்ரிக்ட்? சேர்த்துவிட்டால் வரி குறையாதா?

சேர்த்திருக்கிறார்கள். லேம்பர்ட்வில், வெஸ்ட் ஆம்வெல், ஸ்டாக்டன் மக்கள் 2013இல் ஓட்டுப்போட்டு ஒன்றானார்கள். 2014 ஜூலையிலிருந்து சவுத் ஹன்டர்டன் ரீஜனல் ஒரே டிஸ்ட்ரிக்ட். பிறகு 2018இல் ஸ்டாக்டனின் சின்னப் பள்ளி மூடப்பட்டது. சூப்பரின்டென்டென்ட் (டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரி) சம்பளம் மிச்சமாகும் என்பது சரி. ஆனால் செலவைச் சொத்து மதிப்பை வைத்துப் பிரிப்பதா, பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பதா என்பதில் ஒரு ஊருக்கு இறங்கினால் இன்னொரு ஊருக்கு ஏறும். 2022இல் வந்த சட்டம் இதை ஆராய மானியம் தருகிறது. எட்டாவதுவரை படிக்கிற உள்ளூர்ப் பள்ளியைக் கைவிடாமல் அலுவலக வேலைகளை மட்டும் பக்கத்து ஊரோடு பகிர்வதுதான் என் விருப்பம்.

குடியுரிமை கிடைத்துவிட்டது. போர்டுக்கு நிற்கலாமா?

நில்லுங்கள், ஆசையாகச் சொல்கிறேன். ஒரு வருடமாவது அந்த ஊரில் வசித்திருக்க வேண்டும், வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். மூன்று வருடப் பதவி, சம்பளம் கிடையாது, பின்னணிச் சோதனை உண்டு. நவம்பர் தேர்தல் நடக்கும் ஊர் என்றால் வேட்பு மனுவை ஜூலை மாதக் கடைசித் திங்கள் மாலை 4 மணிக்குள் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மனுவில் உங்களை ஆதரித்துக் கையெழுத்து போடுகிறவர்கள் அந்த டிஸ்ட்ரிக்ட்டின் வாக்காளர்களாக இருக்க வேண்டும், ஆகவே கோயிலில் பார்க்கிறவர்களிடம் வாங்குவதைவிடத் தெருவில் கதவைத் தட்டி வாங்குங்கள். தேவையானதைவிடச் சில கையெழுத்து கூடுதலாகவே இருக்கட்டும், ஒன்றிரண்டு தள்ளுபடியாகும்.