எலும்பு டாக்டராக ஆசையா? கேளுங்கள், சொல்கிறேன்

காரைக்குடியில் எலும்பு முறிவும் மூட்டு வைத்தியமும் பார்க்கிறேன். இந்தப் படிப்பையும் தொழிலையும் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். எக்ஸ்ரேயைப் போட்டோ எடுத்து அனுப்பியவர்கள் மன்னிக்கவும். ஆளைத் தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து வைத்தியம் சொல்ல மாட்டேன்.

அண்ணே, நான் கோட்டையூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். எலும்பு டாக்டராக எத்தனை வருஷம் ஆகும்?

நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அப்புறம் முதுநிலை நீட். அதில் எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை மேற்படிப்பு) அல்லது அதற்கு இணையான டி.என்.பி. கிடைத்தால் இன்னும் மூணு வருஷம். தண்டுவடம், மூட்டு மாற்று, ஆர்த்ரோஸ்கோபி (சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) என்று ஒன்றில் கை தேற வேண்டுமானால் அதற்கு மேலும் ஒன்றிரண்டு வருஷம். எங்கும் தடங்காமல் போனாலே முப்பதைத் தொட்டுவிடுவாய் தம்பி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் எம்.பி.பி.எஸ்.ஸில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வீட்டை விட்டு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

இதய டாக்டர் என்றால் ஒரு மரியாதை. நீங்கள் ஏன் எலும்புக்குப் போனீர்கள் சார்? (தேவகோட்டையில் ஓர் ஆசிரியர்)

மரியாதையில் குறைச்சல் ஒன்றும் இல்லை சார், கிண்டல்தான் கொஞ்சம் கூட. 'தச்சு வேலை' என்று கூடப் படித்தவர்களே சொல்வார்கள்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எல்லா வார்டிலும் நின்றேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அளவைக் கட்டுக்குள் வைக்கிற வேலை. தீர்ந்தது என்று அனுப்ப முடியாது. எலும்பு வார்டில் தொடை முறிந்து வந்த கொத்தனார், ஆபரேஷன் முடிந்த இரண்டொரு நாளில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். என்னை இழுத்தது அதுதான். ஒரு காலத்தில் இதே முறிவுக்குக் காலில் எடை கட்டி மாசக்கணக்கில் படுக்க வைப்பார்கள். எலும்பின் குழலுக்குள்ளேயே ராடு இறக்கலாம் என்று ஜெர்மனியின் கெர்ஹார்ட் கியூன்ட்ஷர் 1940இல் மற்ற டாக்டர்கள் முன் சொன்னபோது பலர் நம்பவில்லை. இன்று எங்களுக்கு அது வாடிக்கையான வேலை.

அந்த வேலையில் ஒரு ருசியும் உண்டு. ராடுக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பியை எலும்புக்குள் விடுவோம். அது சரியாகக் குழலுக்குள் போனால் உள்சுவரில் உரசுகிற சொரசொரப்பு விரல்நுனிக்குத் தெரியும். உரசல் நின்றுவிட்டதென்றால் கம்பி முறிவு வழியாகச் சதைக்குள் இறங்கிவிட்டது. எக்ஸ்ரே திரையில் பார்ப்பதற்கு முன்பே கை சொல்லிவிடும். அந்தக் கை வருவதற்குத்தான் இத்தனை வருஷம்.

நான் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம். ஆர்த்தோ எடுக்கப் போகிறேன் என்றால் 'பொம்பளப் புள்ளைக்கு அந்த பலம் ஏது' என்கிறார்கள்.

பலமெல்லாம் வேண்டாம் தங்கச்சி. காலை இழுத்துப் பிடிக்க டேபிள் இருக்கிறது, துளைக்க டிரில் இருக்கிறது. மூட்டு இறங்கினதை ஏற்ற வேண்டுமானால் மயக்கம் கொடுத்துச் சதையைத் தளரவிட வேண்டும், முரட்டுத்தனமாக இழுத்தால் எலும்புதான் உடையும்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கர்ப்ப காலத்தில் எக்ஸ்ரே கதிர் விஷயத்தில் தனி ஏற்பாடு கேட்டு வாங்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. ஆபரேஷன் செய்தவளிடமே வந்து 'பெரிய டாக்டர் எப்பம்மா வருவாரு' என்று கேட்பார்கள். குழந்தைகள் எலும்பு, கை அறுவை எல்லாம் அருமையான துறைகள்தான். ஆனால் 'பெண்ணுக்கு அது லேசு' என்று யாராவது கைகாட்டினால் அதற்காக மட்டும் போகாதே.

சம்பாத்தியம் எப்படி?

நன்றாக வரும், லேட்டாக வரும். சொந்தமாக ஆபரேஷன் தியேட்டர் கட்டினால் முதல் சில வருஷம் பேங்குக்குத்தான் சம்பாதிப்பீர்கள். செயற்கை முழங்கால் மூட்டு விலையில் கொழிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு அதற்கு உச்சவரம்பு போட்டுவிட்டது.

புத்தூர் கட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்களைப் பார்த்தால் கோபம் வராதா?

வரும், அடக்கிக்கொள்வேன். திட்டினால் அடுத்த தடவை நம்மிடம் வரவே மாட்டார்கள். விலகாத சின்ன விரிசல் எந்தக் கட்டுப் போட்டாலும் கூடிவிடும், அந்தப் பெயர் கட்டுக்குப் போகிறது. நான் பயப்படுவது குழந்தைகளின் முழங்கை முறிவுக்கு. வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திலேயே முன்கைச் சதை செத்துப்போகும். அப்புறம் விரல்கள் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881லேயே இதை எழுதி வைத்துவிட்டார். கட்டியவர் யாராக இருந்தாலும் சரி, நான் போட்ட மாவுக்கட்டானாலும் சரி: விரலை லேசாக நீட்டிவிட்டால் பிள்ளை அலறுகிறதா, விரல் மரத்துப்போய் நிறம் மாறுகிறதா, ராத்திரி என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

சென்னையில் இருக்காமல் ஏன் இங்கே? எந்தக் கேஸ் உங்களை அதிகம் யோசிக்க வைக்கும்? (சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் கண்டனூர்)

இரண்டுக்கும் ஒரே பதில்: ஆச்சிகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளுகிற வீடு, உள்ளே எழுபது எண்பது வயதில் ஒருத்தர். ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கினால் இடுப்பு எலும்பு போய்விடும். ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து உட்கார வைத்துவிட்டால் நல்லது. படுக்கையிலேயே விட்டால் நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். ஆனால் முடிவு சொல்ல வேண்டிய பிள்ளைகள் மூன்று நாட்டில் இருப்பார்கள். 'இந்த வயசுல கத்தி வேண்டாமே டாக்டர்' என்பார் ஒருவர், 'நான் வந்தப்புறம் பார்த்துக்கலாம்' என்பார் இன்னொருவர். ஆச்சியை யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்பேன். பெரும்பாலும் 'நடக்க வச்சிருப்பா, போதும்' என்பார்கள். ஆபரேஷன் ஒரு மணி நேரம், அதற்கு முந்தின போன் பேச்சு அரை நாள். படிக்கும்போது யாரும் சொல்லித்தராத பாதி வேலை இதுதான்.

உங்கள் வீட்டிலும் யாராவது தனியாக இருந்தால், குளியலறையில் பிடிகம்பியும் ராத்திரி விளக்கும் இந்த லீவிலேயே போட்டுவிட்டுப் போங்கள்.

என் மகன் ஒன்பதாவது. எலும்பு டாக்டராகத்தான் ஆவேன் என்கிறான். ஒருநாள் ஆபரேஷன் பார்க்க அனுப்பலாமா சார்?

முடியாதம்மா. படுத்திருப்பவர் ஒரு மனுஷர், அவருக்கு மறைவு வேண்டும். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் சேர்த்துவிடுங்கள். முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டக் கற்றுக்கொள்ளட்டும். பிளஸ் டூ முடித்த பிறகும் இதே ஆசை இருந்தால் ஒரு திங்கட்கிழமை காலை என் ஓபிக்கு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுகிறேன்.